டிஎஸ்பி போர்டை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்கும் முறை: ஹம்மிங் வராமல், ட்வீட்டர் எரியாமல்

ஸ்பீக்கர் பெட்டிக்குள் காயிலும் கெப்பாசிட்டரும் வைத்துச் செய்கிற கிராஸ்ஓவர் வேலையை, அதாவது பாஸையும் உயர் ஒலியையும் பிரிக்கும் வேலையை, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, சிக்னல் சின்னதாக இருக்கும்போதே செய்து தருவதுதான் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் புராசசர்) போர்டு. பாஸ் எங்கே முடிய வேண்டும், ட்வீட்டர் (உயர் ஒலி ஸ்பீக்கர்) எங்கே தொடங்க வேண்டும், எந்த அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும் எல்லாமே லேப்டாப்பில் சொல்லிக் கொடுக்கலாம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் செட் அசெம்பிள் செய்கிற பலர் இப்போது இதற்கு மாறுகிறார்கள். போர்டு வாங்கி, இணைத்து, சத்தம் வராமல் அலமாரியில் தூக்கி வைத்தவர்களும் உண்டு. அப்படி ஒதுக்கப்பட்ட போர்டுகளில் பெரும்பாலானவை கெட்டவை அல்ல. வேலையின் வரிசை தவறியிருக்கும், அவ்வளவுதான்.

வரிசை இதுதான்: முதலில் பவர், பிறகு கிரவுண்ட், பிறகு புரோகிராம், பிறகு லெவல். ட்வீட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியில் இணைக்க வேண்டும். இதை மாற்றினால் எரிவது பெரும்பாலும் ட்வீட்டர்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஏடிஏயூ1701 சிப் உள்ள போர்டு. அனலாக் டிவைசஸ் கம்பெனியின் சிப் இது. விலை குறைவு, மென்பொருள் இலவசம், இரண்டு உள்ளீடும் நான்கு வெளியீடும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயருக்கு உதாரணம், 24 வோல்ட்டில் ஓடும் டிபிஏ3116 போர்டு. வேறு ஆம்ப்ளிஃபயர் என்றாலும் முறை அதேதான், எண்கள் மட்டும் மாறும்.

1. நான்கு வெளியீட்டை எதற்குக் கொடுப்பது என்று தாளில் எழுதுங்கள்

இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஊஃபரும் (பாஸ் ஸ்பீக்கர்) ட்வீட்டரும் என்றால் நான்கு வெளியீடும் நிறைந்துவிடும். வெளியீடு 0, 1 ஊஃபர்களுக்கு, 2, 3 ட்வீட்டர்களுக்கு. அதாவது நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். டிபிஏ3116 ஸ்டீரியோ போர்டு என்றால் இரண்டு.

இரண்டு பெட்டியும் ஒரு சப்-ஊஃபரும்தான் என்றால் மூன்று வெளியீடு போதும், ஒன்று மிச்சம். அந்தப் பெட்டிகளுக்குள் உள்ள பழைய கிராஸ்ஓவரை அப்படியே விட்டுவிடலாம். முதன்முறை செய்பவர்களுக்கு இதுவே நல்லது. ட்வீட்டரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் ஆபத்தே இதில் கிடையாது.

இரண்டு பெட்டிக்கும் தனித்தனி ஊஃபர், ட்வீட்டர் சேனல், கூடவே சப் என்று ஆசைப்பட்டால் இந்தச் சிப்பின் சொந்த வெளியீடுகள் போதாது. வாங்கிய பிறகு தெரிந்து வருந்த வேண்டாம்.

2. வாங்க வேண்டியவை, செலவு, ஆகும் நாட்கள்

டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், ஷீல்டு ஒயர், ஆர்சிஏ சாக்கெட், அலுமினியப் பெட்டி எல்லாம் நம் குமரி மாவட்டத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். டிஎஸ்பி போர்டும் புரோகிராமரும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். கீழே உள்ள விலைகள் கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும். கடைக்குக் கடை மாறும்.

ஏடிஏயூ1701 போர்டு 1,500 முதல் 2,500 ரூபாய். அதற்கான யூஎஸ்பி புரோகிராமர் (லேப்டாப்பிலிருந்து போர்டில் புரோகிராம் ஏற்றும் கருவி) 600 முதல் 1,200. 9 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் 150 முதல் 250. பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குவது), 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், சின்ன ஹீட் சிங்க் எல்லாம் சேர்த்து 100. ஷீல்டு ஒயரும் சாக்கெட்டும் 300. ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு 200 முதல் 400. ட்வீட்டருக்கு 22 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு, 200 முதல் 300. ஆம்ப்ளிஃபயரையும் அளவெடுக்கும் மைக்கையும் சேர்க்காமல் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் முடியும்.

புரோகிராமரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏற்கனவே ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றப்பட்டு, பிளக் செய்தவுடன் வேலை செய்வது. மற்றொன்று சிஒய்7சி68013ஏ சிப் உள்ள வெறும் போர்டு, ஃபர்ம்வேரை நீங்களே ஏற்ற வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டாவதை வாங்கினால், டிரைவர் பிரச்சினையிலேயே இரண்டு நாள் போகும். முதல் போர்டுக்கு முதல் வகையையே வாங்குங்கள்.

உள்நாட்டு விற்பனையாளர் என்றால் ஒரு வாரத்துக்குள் பார்சல் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் நகல் கேட்கும், சுங்க வரி தனியாக வரும், எத்தனை நாளாகும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். கோயில் கொடைக்கோ திருவிழாவுக்கோ செட் ஓட வேண்டும் என்று தேதி வைத்திருப்பவர்கள் அந்த வழியை நம்ப வேண்டாம்.

வாங்கும்போது கையில் இருக்க வேண்டிய தாள்கள்: ஜிஎஸ்டி பில், போர்டின் சர்க்யூட் படம், சிப்பின் டேட்டாஷீட். சர்க்யூட் படம் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். எந்தப் பின்னில் 3.3 வோல்ட், எந்த ஜம்பர் (இரண்டு பின்னைச் சேர்க்கும் சின்ன மூடி) எதற்கு என்பது போர்டுக்குப் போர்டு மாறும், படம் இல்லாமல் ஊகித்து வேலை செய்தால் சிப் போகும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். கால் உடைந்து வந்தால் மாற்றிக் கேட்க அது ஒன்றுதான் சாட்சி.

போர்டு கைக்கு வந்தபின், வயரிங்குக்கு ஒரு நாள், புரோகிராமுக்கு ஒரு நாள், அளவெடுத்துச் சரிசெய்ய அரை நாள் ஒதுக்குங்கள்.

3. பவர் சப்ளை: பாதிப் பிரச்சினை இங்கேதான்

டிஎஸ்பி போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால், போர்டில் உள்ள ரெகுலேட்டர் அதை 3.3 ஆக்கிக்கொள்ளும். போர்டு 100 முதல் 200 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். சின்னக் கரண்ட்தானே என்று ஆம்ப்ளிஃபயரின் 24 வோல்ட்டிலிருந்தே 7805 போட்டு எடுக்கத் தோன்றும். அதில் இரண்டு கேடு. 24இலிருந்து 5க்கு இறங்கும் 19 வோல்ட்டும் சூடாகத்தான் போக வேண்டும். 150 மில்லிஆம்பியரில் கிட்டத்தட்ட 3 வாட், ஹீட் சிங்க் இல்லாத 7805 தாங்காது. இரண்டாவது கேடு பெரியது. டிஎஸ்பிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கிரவுண்ட் இரண்டு வழியாகச் சேர்ந்துவிடும், ஒன்று பவர் ஒயர் வழி, மற்றொன்று சிக்னல் ஷீல்டு வழி. ஆம்ப்ளிஃபயரின் பெரிய கரண்ட் அந்த வளையத்தில் கொஞ்சம் பாய்ந்தாலே ஹம்மிங், அதாவது 'ம்ம்ம்' என்ற இரைச்சல்.

7805க்குப் பதில் எல்எம்2596 கன்வெர்ட்டர் போட்டால் சூடு தீரும், ஆனால் அது 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும். அந்த இரைச்சல் சப்ளை வழியாக உள்ளே ஏறும், கிரவுண்ட் வளையமும் அப்படியே இருக்கும்.

நல்ல வழி, டிஎஸ்பிக்கென்று தனி 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். பிரிட்ஜும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தாண்டினால் சுமார் 11 வோல்ட் டிசி கிடைக்கும், பிறகு 7805. சூடு 1 வாட்டுக்குள்தான்.

6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போதாதா என்று கேட்பீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊரில் போதாது. வீட்டு லைன் வோல்டேஜ் 230இலிருந்து 170க்கு வந்தால், 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 4.4 வோல்ட்தான் தரும். பிரிட்ஜைத் தாண்டினால் 5 வோல்ட்கூட நிற்காது. 7805க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். சிப் ரீசெட் ஆகும், ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். அதே 170இல் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 8 வோல்ட் டிசி உச்சம் தரும். கெப்பாசிட்டர் 2200 என்றால் சிற்றலை (டிசி ஏறி இறங்கும் அளவு) 0.7 வோல்ட்தான், 7க்கு மேல் தப்பித்துவிடும். 1000 போட்டால் சிற்றலை 1.5 வோல்ட், தப்பாது. தெருவில் பந்தல் போட்டு, லைட் செட் முழுக்க எரியும் இரவில் இந்த வித்தியாசம் தெரியும்.

புளூடூத் போர்டையும் இதே 5 வோல்ட்டில் மாட்டாதீர்கள். பாட்டு நின்ற இடைவெளியில் 'கிர்ர்' என்ற சத்தம் கேட்கும். வேறு வழியில்லை என்றால் பி0505எஸ் என்ற 1 வாட் தனிமைப்படுத்தும் கன்வெர்ட்டரை நடுவில் வைத்து புளூடூத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இப்போது சோதனை. டிஎஸ்பி போர்டை மாட்டாமல் 7805 வெளியே 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு போர்டை மாட்டி 3.3 வோல்ட் பின்னில் பாருங்கள். 3.2க்குக் கீழே இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

4. சிக்னல் வயரிங்

போர்டுக்குப் பவர் கொடுத்து, ஆம்ப்ளிஃபயரோடு இணைக்காமல், நான்கு வெளியீட்டிலும் டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். சிப்பின் டிஏசி (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் பகுதி) கால்கள் 1.5 வோல்ட் டிசி மேல்தான் மிதக்கும், அதைத் தடுக்கப் போர்டில் கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும். வெளியீட்டில் பூஜ்ஜியத்துக்கு அருகே வந்தால் சரி. 1.5 வோல்ட் நின்றால் உங்கள் போர்டில் அந்தக் கெப்பாசிட்டர் இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 10 மைக்ரோஃபாரட் தொடராகப் போட்டு, பிளஸ் கால் டிஎஸ்பி பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

ஷீல்டு ஒயர் எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர் மூலையில் டிஎஸ்பி போர்டை வையுங்கள்.

டிபிஏ3116 போர்டில் ஒரு பொறி உண்டு. இது பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஓட்டி, வேலை செய்வதால் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் இருக்கிறது. பழைய டிரான்சிஸ்டர் செட் பழக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒரே ஒயரில் சேர்த்தால் போர்டு போய்விடும். ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பையும் அங்கே மாட்டக்கூடாது.

ஹம்மிங் வந்தால் எங்கிருந்து என்று மூன்று அடியில் கண்டுபிடிக்கலாம். ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். அப்போதும் ஹம்மிங் என்றால் குற்றம் ஆம்ப்ளிஃபயரில். நின்றுவிட்டால் டிஎஸ்பியை இணைத்து, டிஎஸ்பி உள்ளீட்டில் எதுவும் மாட்டாமல் கேளுங்கள். இப்போது வந்தால் டிஎஸ்பி சப்ளையிலோ கிரவுண்டிலோ குற்றம். இப்போதும் இல்லாமல் மிக்சரையோ டிவியையோ மாட்டியதும் வந்தால் குற்றம் அங்கே. எல்லா ஒயரையும் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பது நேர விரயம்.

5. லேப்டாப்போடு இணைத்தல்

இந்தச் சிப்பைப் புரோகிராம் செய்யும் சிக்மாஸ்டூடியோ மென்பொருள் விண்டோஸில் ஓடும். அனலாக் டிவைசஸ் தளத்தில் இலவசமாக இறக்கலாம். நிறுவி முடித்த பிறகுதான் புரோகிராமரை யூஎஸ்பியில் சொருக வேண்டும். முன்பே சொருகினால் விண்டோஸ் வேறு டிரைவரைப் பிடித்துக்கொள்ளும்.

புரோகிராமரிலிருந்து டிஎஸ்பிக்கு மூன்று ஒயர் அவசியம்: எஸ்சிஎல் (கிளாக்), எஸ்டிஏ (டேட்டா), கிரவுண்ட். ரீசெட் ஒயரும் இருந்தால் நல்லது. ஒயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். புரோகிராமரின் எஸ்டிஏ, எஸ்சிஎல் முனைகளில் 3.3 வோல்ட்தான் நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள், 5 வோல்ட் இருந்தால் இணைக்காதீர்கள். புரோகிராமரிலிருந்து வரும் பவர் ஒயரை விட்டுவிடுங்கள், டிஎஸ்பிக்குத் தன் சப்ளை போதும். இரண்டு பக்கமிருந்தும் பவர் கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்குள் பாயும்.

போர்டில் செல்ஃப்-பூட் ஜம்பர் இருக்கும். புரோகிராம் செய்யும்போது அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ரீசெட் ஆகும்போதெல்லாம் டிஎஸ்பி தானே மெமரியைப் படிக்க ஆரம்பிக்கும், லேப்டாப்பும் அதே ஒயரில் பேச முயலும், தொடர்பு அறுந்து அறுந்து வரும்.

மென்பொருளின் ஹார்டுவேர் பக்கத்தில் மூன்று கட்டங்களை இழுத்து வையுங்கள்: யூஎஸ்பிஐ (புரோகிராமர்), ஏடிஏயூ1701, ஈஈபிராம் (புரோகிராமை நிரந்தரமாக வைக்கும் மெமரி சிப்). யூஎஸ்பிஐ கட்டம் பச்சையானால் புரோகிராமரை லேப்டாப் கண்டுகொண்டது. டிஎஸ்பியை அதன் முதல் இணைப்பிலும் ஈஈபிராமை அடுத்ததிலும் சேருங்கள். பச்சை வந்தது புரோகிராமருக்கு மட்டும்தான், டிஎஸ்பி பேசுகிறது என்று பொருள் இல்லை. பலர் ஏமாறுவது இங்கே.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய விசில் கேட்டால் பயப்பட வேண்டாம். சார்ஜரைக் கழற்றினால் போய்விடும்.

6. முதல் புரோகிராம்

எளிமையாகத் தொடங்குங்கள். உள்ளீடு இரண்டையும் நேராக வெளியீடு 0, 1க்கு இணைத்து எஃப்7 அழுத்துங்கள். லிங்க், கம்பைல், டவுன்லோட் மூன்றும் அந்த ஒரு அழுத்தில் நடக்கும். ஊஃபர் மட்டும் மாட்டிய ஆம்ப்ளிஃபயரில் பாட்டு வர வேண்டும். வராவிட்டால் கிராஸ்ஓவர் போட்டாலும் வராது. இந்த நேர்வழி புரோகிராமைத் தனி ஃபைலாகச் சேமித்துவையுங்கள், பின்னால் சந்தேகம் வரும்போதெல்லாம் உதவும்.

அது ஓடியபின் வரிசையாகச் சேருங்கள்: உள்ளீடு, ஈக்குவலைசர், இருவழி கிராஸ்ஓவர், ட்வீட்டர் பக்கம் டிலே (தாமதம்), ஒவ்வொரு வெளியீட்டிலும் லிமிட்டர் (சிக்னலை ஒரு எல்லைக்கு மேல் விடாத கட்டம்), கடைசியில் டிஏசி. கிராஸ்ஓவர் வகையில் லிங்க்விட்ஸ்-ரைலி, ஆக்டேவுக்கு 24 டெசிபெல் தேர்ந்தெடுங்கள். அதிர்வெண் ட்வீட்டரைப் பொறுத்தது. ட்வீட்டரின் ஒத்ததிர்வு 1,200 ஹெர்ட்ஸ் என்றால் கிராஸ்ஓவர் குறைந்தது 2,400இல் இருக்க வேண்டும். டேட்டாஷீட் இல்லாத ட்வீட்டருக்கு 3,000க்குக் கீழே போகாதீர்கள். சப்-ஊஃபர் அமைப்பு என்றால் 80 முதல் 100 ஹெர்ட்ஸ்.

ஈக்குவலைசரில் ஒரு பொறி. சிப்பின் உள்ளே கணக்குப் போடும்போது 24 டெசிபெல் இடம் இருக்கிறது, அதனால் பாஸை 6 டெசிபெல் தூக்கினாலும் உள்ளே எதுவும் உடையாது. உடைவது டிஏசி வாசலில். எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவை முன்னால் வால்யூம் கட்டத்தில் குறைத்தே ஆக வேண்டும்.

வால்யூமுக்குக் கையால் திருப்பும் பாட் வேண்டுமென்றால் 10 கிலோ ஓம் லீனியர் பாட்டை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்டி, நடுக்காலை எம்பி9 பின்னில் கொடுக்கலாம். 5 வோல்ட்டில் மாட்டக்கூடாது.

7. ஈஈபிராமில் எழுதுதல்

லேப்டாப் மாட்டியிருக்கும்போது அருமையாகப் பாடும், செட்டை அணைத்துப் போட்டால் ஊமை. இந்தப் புகாருக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: புரோகிராம் சிப்பின் தற்காலிக மெமரியில் மட்டும் இருக்கிறது, ஈஈபிராமில் இல்லை.

போர்டில் எட்டுக்கால் சிப் ஒன்று இருக்கும். அதன் மேல் 24எல்சி256 என்றிருந்தால் மென்பொருளில் ஈஈபிராம் அளவு 32,768 பைட், பேஜ் 64, அட்ரஸ் 2 பைட் என்று கொடுங்கள். பிறகு ஏடிஏயூ1701 கட்டத்தில் வலது கிளிக் செய்து, கடைசியாகக் கம்பைல் செய்ததை ஈஈபிராமில் எழுதும் கட்டளையைக் கொடுங்கள்.

ஸ்லைடரை நகர்த்தி ஈக்குவலைசர் மாற்றினால் காதுக்கு உடனே தெரியும். அந்த மாற்றம் கடைசிக் கம்பைலில் சேர்ந்திருக்காது. மறுபடி எஃப்7 அழுத்திவிட்டுத்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் பழைய அமைப்பே மெமரியில் உட்கார்ந்திருக்கும்.

எழுதி முடித்ததாக மென்பொருள் சொன்னாலும் பூட் ஆகவில்லையா? ஈஈபிராமின் எழுதும் தடைக்கால் மேலே இழுத்திருக்கலாம், புரோகிராம் செய்யும்போது அது கிரவுண்டில் இருக்க வேண்டும். அது சரி என்றால் செல்ஃப்-பூட் ஜம்பரைத் திரும்பப் போட மறந்திருப்பீர்கள்.

புரோகிராமர் ஒயரைக் கழற்றி, பத்து நொடி அணைத்து, மறுபடி போட்டுச் சோதியுங்கள். ஒரு முறை போதாது, ஐந்து முறை.

8. லெவலும் லிமிட்டரும்

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும், தாண்டிப் போகாதீர்கள்.

ஏடிஏயூ1701இன் வெளியீடு உச்சத்தில் 0.9 வோல்ட். டிபிஏ3116இன் கெயினை (எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை) 20, 26, 32, 36 டெசிபெல் என நான்கு நிலையில் வைக்கலாம். 26 என்றால் 20 மடங்கு. 0.9 வோல்ட் 18 வோல்ட் ஆகும், 24 வோல்ட் சப்ளையில் ஆம்ப்ளிஃபயரால் தர முடிவது ஏறத்தாழ 16 வோல்ட்தான். ஆக 26 போதும், மீறியே இருக்கிறது. 32, 36இல் வைத்தால் சத்தம் கூடாது, 'உஸ்' என்ற இரைச்சல்தான் கூடும்.

உள்ளீட்டுப் பக்கம் பல போர்டுகளில் 18 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சிப்புக்குள் 2 கிலோ ஓம், மொத்தம் 20. உச்ச உள்ளீட்டுக் கரண்ட் 100 மைக்ரோஆம்பியர் என்பதால் 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கரகரக்கும். போன், டிவி, புளூடூத்துக்கு இது தாராளம். மைக் செட் மிக்சருக்குப் போதாது. அதன் சாதாரண லெவலே 1.23 வோல்ட், அதற்கு மேல் உச்சங்களுக்கு 4 டெசிபெல் இடம்தான் மிச்சம். அந்த 18 கிலோவை 39 கிலோவாக மாற்றினால் 4 வோல்ட் வரை தாங்கும். சால்டர் செய்ய விருப்பமில்லை என்றால் மிக்சரின் மாஸ்டரைக் குறைத்தே வைத்திருக்க வேண்டும். கூட்டம் கூடியதும் யாராவது ஏற்றிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

லிமிட்டருக்கு உதாரணக் கணக்கு. ட்வீட்டர் 8 ஓம், தொடர்ந்து தாங்குவது 20 வாட். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 12.6 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் 20 மடங்கு என்பதால் டிஎஸ்பி வெளியீட்டில் 0.63 வோல்ட். உச்சமான 0.9உடன் ஒப்பிட்டால் மைனஸ் 3 டெசிபெல். ட்வீட்டர் லிமிட்டர் அதற்கு மேல் விடக்கூடாது. 100 வாட் ஊஃபர் 28 வோல்ட் தாங்கும், ஆம்ப்ளிஃபயர் 16லேயே வெட்டும். அதனால் ஊஃபர் லிமிட்டரை ஸ்பீக்கருக்காக வைக்க வேண்டியதில்லை, ஆம்ப்ளிஃபயர் வெட்டாமலிருக்க மைனஸ் 1இல் வையுங்கள். ட்வீட்டரில் எழுதியிருக்கும் 'மேக்ஸ் 150 வாட்' போன்ற எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

லிமிட்டர் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள், சில கட்டங்கள் உச்சத்தை வைத்தும் சில சராசரியை வைத்தும் கணக்கிடும். ட்வீட்டரைக் கழற்றிவிட்டு, கிராஸ்ஓவரைத் தற்காலிகமாக நீக்கி, 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டை ஏசியில் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமில்லை, அதனால் 3,000இல் அளந்து பயனில்லை. 12.6க்கு மேல் ஏறாமல் நின்றால் கிராஸ்ஓவரைத் திரும்பப் போட்டு ஈஈபிராமில் எழுதுங்கள்.

9. இப்போது ட்வீட்டர்

முதலில் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டு இணையுங்கள். 8 ஓமுக்கு அது சுமார் 900 ஹெர்ட்ஸில் வெட்டும். 3,000 கிராஸ்ஓவரைப் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் புரோகிராம் அழிந்தாலும் ஆம்ப்ளிஃபயரில் டிசி வந்தாலும் ட்வீட்டரைக் காப்பாற்றும். எல்லாம் சரியாகிவிட்டது என்று பின்னால் அதை எடுத்துவிடாதீர்கள். அங்கேயே நிரந்தரமாக இருக்கட்டும்.

ஆன் செய்யும்போது டிஎஸ்பி பூட் ஆகும் நேரத்தில் வெளியீட்டில் ஒரு துள்ளல் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பிறகுதான் விழிக்க வேண்டும். ப்ரொடெக்‌ஷன் போர்டின் ரிலே 3 நொடி தாமதித்துச் சேர்த்தால் போதும். பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ப்ரொடெக்‌ஷன் போர்டா என்று கேட்டு வாங்குங்கள். கிரவுண்டை வைத்து டிசி பார்க்கும் சாதாரண வகை, டிபிஏ3116இன் முனைகளில் எப்போதுமிருக்கும் 12 வோல்ட்டைப் பார்த்து ரிலேயைச் சேர்க்கவே செய்யாது.

அளவெடுக்க ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் அளவெடுக்கும் மைக்கும் வேண்டும். போன் மைக் வேண்டாம், அது தானாகவே இரைச்சலை வெட்டும், பாஸை வெட்டும். மைக்கை ட்வீட்டர் உயரத்தில் 1 மீட்டர் தள்ளி வையுங்கள். ட்வீட்டரை மட்டும் ஓட்டும்போது ஸ்வீப் (கீழிருந்து மேலே ஏறும் சோதனை ஒலி) 1,000 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும், 20இல் அல்ல.

டிலே சரிசெய்யும் வழி இது. ட்வீட்டரின் முனைகளை மாற்றி இணையுங்கள். கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஒரு பள்ளம் தெரியும். டிலேயைக் கூட்டிக் குறைத்து, அந்தப் பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு முனைகளைப் பழையபடி மாற்றினால் பள்ளம் இருந்த இடம் சமமாகும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகும். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) ஒரு சாம்பிள் டிலே என்பது 7.3 மில்லிமீட்டர். ட்வீட்டர் ஊஃபரைவிட 7 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் 10 சாம்பிளை ஒட்டி வரும். ஹார்ன் பெட்டியில் டிரைவர் பின்னால் இருப்பதால் அங்கே டிலே ஊஃபருக்குத்தான் தேவைப்படும்.

ஈக்குவலைசரில் மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். கான்கிரீட் அறையில் பாஸில் தெரியும் பள்ளம் சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் வருவது, எவ்வளவு தூக்கினாலும் நிரம்பாது, ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். உயரமான தேவாலயத்தில் பிரசங்கம் புரியவில்லை என்றால் அதற்கும் டிஎஸ்பி மருந்தல்ல. ஸ்பீக்கரை மக்களுக்கு அருகே கொண்டு வர வேண்டும்.

வெளியில் வைத்து ஸ்வீப் ஓட்டுபவர்கள் நேரம் பாருங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் கூடாது. அனுமதித் தாளின் நகலை செட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

10. பெட்டியை மூடும் முன்

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உப்புக்காற்றில் முதலில் பச்சை பிடிப்பது ஜம்பர் பின்கள். செல்ஃப்-பூட் ஜம்பர் தொடர்பு விட்டால், நேற்று வரை பாடிய செட் திடீரென ஊமையாகும், புரோகிராம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். எல்லாம் முடிவானபின் ஜம்பரை எடுத்துவிட்டு அந்த இரண்டு பின்னையும் ஈயத்தால் சேர்த்துவிடுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் உருக்கி எடுக்கலாம். ஃபேன் வைத்தால் அதன் காற்று டிஎஸ்பி போர்டு மேல் நேராக அடிக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும், கேபிள் டிவி பெட்டியிலிருந்து வரும் ஆடியோ ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடி அந்த ஆடியோ ஒயர் வழியாகவும் வரும், அது முதலில் தொடுவது டிஎஸ்பியின் உள்ளீட்டைத்தான்.

புரோகிராம் ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள். லிமிட்டர் எண்கள், கிராஸ்ஓவர் அதிர்வெண், டிலே, ஆம்ப்ளிஃபயர் கெயின் நான்கையும் ஒரு தாளில் எழுதி பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். ஈஈபிராமிலிருந்து திரும்ப எடுத்து, சிக்மாஸ்டூடியோவில் பழைய படமாகத் திறக்க வழி கிடையாது. ஃபைல் போனால் மறுபடி முதல் எஃப்7இலிருந்துதான்.